இதய வார்டில் பார்மசி மாணவர்கள்: ஆறு வாரப் பயிற்சியை நடத்தும் முறை

"பொட்டாசியத்தைக் கவனிக்கவும்." "பிரஷரைக் கவனிக்கவும்." இதய வார்டுக்கு வரும் பார்மசி மாணவர்களின் குறிப்பேட்டில் முதல் வாரத்தில் நிரம்பிக் கிடப்பது இந்தச் சொல்தான். இதை வைத்துக்கொண்டு டாக்டராலும் நர்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. எதை அளப்பது, எந்த நாளில் அளப்பது, எந்த எண்ணைத் தாண்டினால் என்ன செய்வது என்ற மூன்றும் இருந்தால்தான் அது திட்டம். ஆறு வாரப் பயிற்சியும் இந்த ஒரு பழக்கத்தை உண்டாக்கத்தான். மருந்துகளின் வகைப்பாட்டை மாணவர் வகுப்பிலேயே படித்திருப்பார். அதை வார்டில் மறுபடி ஒப்பிக்க வைப்பது நேர விரயம்.

ஒரு பயிற்றுநருக்கு இரண்டு அல்லது மூன்று மாணவர்கள் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரின் நோயாளியையும் தினமும் கூட இருந்து பார்க்க முடியாது. முதல் வாரம் ஒரு மாணவருக்கு 2 நோயாளிகள், இரண்டாம் வாரம் 4, நான்காம் வாரத்திலிருந்து 6 முதல் 8 வரை. முதல் நாளே பத்துப் பேரைக் கொடுத்தால் மாணவர் மருந்துச் சார்ட்டை நகலெடுப்பவராக மாறிவிடுவார். அந்தப் பழக்கம் பிறகு போகாது.

வார்டுக்குள் விடும் முன்

முதல் இரண்டு நாள் வார்டுக்கு வெளியே ஒரு மேசையும் கால்குலேட்டரும் போதும். கணக்குத் தேர்வு ஒன்று வையுங்கள். அதில் பாதி மதிப்பெண் என்று எதுவும் வேண்டாம். எல்லாக் கணக்கும் சரியாக வரும்வரை திரும்ப எழுதட்டும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கணக்கு கட்டாயம் இருக்க வேண்டும். மாரடைப்பு நோயாளிக்கு முதல் ஊசி கிலோவுக்கு 60 யூனிட், உச்சவரம்பு 4,000 யூனிட். தொடர் டிரிப் மணிக்குக் கிலோவுக்கு 12 யூனிட், உச்சவரம்பு மணிக்கு 1,000 யூனிட். 70 கிலோ எடையுள்ளவருக்கு முதல் ஊசி 4,200 என்று கணக்கு வரும், ஆனால் கொடுப்பது 4,000. டிரிப் மணிக்கு 840 யூனிட். 250 மி.லி. பையில் 25,000 யூனிட் கலந்திருந்தால் மணிக்கு 8.4 மி.லி.; அதே 25,000 யூனிட்டை 500 மி.லி.யில் கலந்திருந்தால் 16.8 மி.லி. மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு: உச்சவரம்பை மறப்பது, பையின் செறிவைப் படிக்காமல் பழைய வேகத்தையே எழுதுவது. இரண்டாவது தவறில் நோயாளிக்கு இரட்டிப்பு அளவோ பாதி அளவோ போய்விடும்.

எழுதும் முறையையும் இப்போதே திருத்துங்கள். யூனிட் என்பதை ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால் அது சுழியாகப் படிக்கப்பட்டு அளவு பத்து மடங்காகும். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகும்; .5 என்று எழுதினால் 5 ஆகும். ஆகவே 1 என்றும் 0.5 என்றும் மட்டும் எழுத வேண்டும்.

மாணவர் செய்யக் கூடாதவற்றை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சார்ட்டில் திருத்தம் போடக் கூடாது. ஒரு மருந்தை நிறுத்தச் சொல்லி நோயாளியிடம் நேரடியாகச் சொல்லக் கூடாது. டிரிப் பம்பைத் தொடக் கூடாது. அவசரமாக ஏதாவது கண்ணில் பட்டால், உதாரணமாகப் பொட்டாசியம் 6.2 என்று ரிப்போர்ட் வந்திருந்தால், முதலில் டியூட்டி டாக்டருக்கும் நர்ஸுக்கும் சொல்ல வேண்டும், பிறகுதான் பயிற்றுநருக்கு. வரிசை மாறினால் பத்து நிமிடம் வீணாகும்.

ரவுண்ட்ஸுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்

காலை வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அது மாறக் கூடாது.

1. இரவு என்ன நடந்தது என்பதை நர்ஸ் குறிப்பிலிருந்து படிப்பது.
2. பிரஷர், நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன் அளவு. ஒரு முறை எடுத்த எண் போதாது, 24 மணி நேரத்தில் தொட்ட உச்சமும் தாழ்வும் வேண்டும்.
3. எடை, உள்ளே போன நீர், வெளியேறிய சிறுநீர்.
4. ரத்தப் பரிசோதனை. இன்றைய எண்ணுக்குப் பக்கத்திலேயே நேற்றைய எண்ணும், அட்மிஷன் அன்றைய எண்ணும்.
5. மருந்துச் சார்ட். எழுதப்பட்டது எது, உண்மையில் கொடுக்கப்பட்டது எது, விடுபட்ட வேளை ஏன்.
6. கடைசியாக நோயாளியின் படுக்கைக்கு நேரில் போவது.

ஐந்தாவது படியை மாணவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். பீட்டா பிளாக்கர் எழுதியிருந்தும் துடிப்பு குறையவில்லையே என்று அளவைக் கூட்டச் சொல்லிப் பரிந்துரைப்பார்கள். கேட்டுப் பார்த்தால், காலைப் பிரஷர் 98 என்று நர்ஸ் இரண்டு நாளாக மாத்திரையை நிறுத்தி வைத்திருப்பார். ஆறாவது படியும் சடங்கு அல்ல. தலையணை எத்தனை வைத்துப் படுத்தார், கால் வீக்கம் முழங்கால் வரை உண்டா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்பவை எந்தக் காகிதத்திலும் இருக்காது.

இந்த ஆறும் முடிந்தபின் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும். மாதிரிக்கு: "ஸ்பைரனோலாக்டோன் 25 மி.கி., தினம் ஒரு வேளை. காரணம்: இதயச் செயலிழப்பு. தொடக்கப் பொட்டாசியம் 4.4, கிரியாட்டினின் 1.1. மறு பரிசோதனை 7ஆம் நாள், 4ஆம் வாரம். பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் அளவைப் பாதியாக்குவது, 6.0ஐத் தாண்டினால் நிறுத்துவது." (கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்.) இந்த வரியை எழுதத் தெரிந்த மாணவருக்குப் பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது.

மருந்து வரலாறு எடுப்பது

குறைந்தது இரண்டு மூலங்கள் வேண்டும்: நோயாளியின் வாய்மொழி ஒன்று, மாத்திரைப் பையோ பழைய சீட்டோ மருந்துக் கடைப் பதிவோ இன்னொன்று. "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "போன வாரத்தில் எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேட்டால் எண் வரும்.

தனியாகக் கேட்காவிட்டால் வெளியே வராத விஷயங்கள் சில உண்டு. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென். நீரில் கரையும் மாத்திரைகள். இவற்றில் சோடியம் அதிகம். மூலிகைப் பொடிகள். கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்து; இது பீட்டா பிளாக்கர், கண்ணில் விட்டாலும் துடிப்பைக் குறைக்கும், ஆனால் நோயாளி அதை மருந்தாகவே எண்ண மாட்டார். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் பையில் கிடப்பதும் அடிக்கடி நடப்பது. உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுபவரிடம் கடைசி வேளை எத்தனை மணிக்கு என்பதை மணியோடு குறிக்க வேண்டும். ஆன்ஜியோகிராம் செய்யப்போகும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இதயச் செயலிழப்பு: நேரத்தை இங்கே செலவிடுங்கள்

ஆறு வாரத்தில் இரண்டு வாரத்தை இதற்கே ஒதுக்கலாம். மருந்தாளுநரின் கை அதிகம் தேவைப்படும் நோய் இது.

மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு முதலில், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்யூரோஸமைட். வாய்வழி 40 மி.கி.க்குச் சமமானது நரம்புவழி 20 மி.கி. அல்லது டோர்செமைட் 20 மி.கி. வாய்வழி ஃப்யூரோஸமைட் சராசரியாகப் பாதிதான் உடலில் சேரும். ஆளுக்கு ஆள் அது பெரிதும் மாறும், குடல் வீங்கியிருக்கும்போது உறிஞ்சப்படுவதும் தாமதமாகும். வீட்டில் மாத்திரை கேட்கவில்லை என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஏற்கெனவே சாப்பிட்டுவந்தவருக்கு அவரது ஒரு நாள் மொத்த அளவில் 1 முதல் 2 மடங்கை நரம்புவழி கொடுப்பது வழக்கம்.

கொடுத்தபின் மறுநாள் காலை எடைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதை மாணவர் மனத்தில் பதியவையுங்கள். 2 மணி நேரம் கழித்து எடுக்கும் சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தாலோ, முதல் 6 மணி நேரத்தில் சிறுநீர் மணிக்கு 100 முதல் 150 மி.லி.க்குக் குறைவாக இருந்தாலோ அளவு போதவில்லை, இரட்டிப்பாக்கப் பரிந்துரைக்கலாம். அதே சிறு அளவை மூன்று வேளையாகப் பிரிப்பது பயன் தராது. ஒவ்வொரு வேளையும் சிறுநீரகத்தில் மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரம்பைத் தாண்ட வேண்டும், தாண்டாத வேளை வீண். பெரிய அளவுகளை நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் வேகமாகச் செலுத்தினால் காது கேட்கும் திறன் பாதிக்கப்படும்.

நீர் வடிந்தபின் நீண்டகால மருந்துகள். எஜக்‌ஷன் ஃபிராக்‌ஷன் (இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 40 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்தால் நான்கு வகையும் வேண்டும்: சாக்குபிட்ரில்–வால்சார்டன் அல்லது ஏ.சி.இ. தடுப்பான் (ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வகை), பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் அல்லது எப்லரினோன், டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின். மாணவர் ஒவ்வொரு நோயாளியிடமும் நான்கையும் எண்ணிப் பார்த்து, இல்லாதது ஏன் இல்லை என்று காரணம் எழுத வேண்டும். காரணம் கிடைக்காவிட்டால் அதுதான் ரவுண்ட்ஸில் கேட்க வேண்டிய கேள்வி.

பிழைகள் எங்கே வரும் என்று சொல்லிவிடுகிறோம். எனலாப்ரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பானிலிருந்து சாக்குபிட்ரில்–வால்சார்டனுக்கு மாறும்போது நடுவில் 36 மணி நேர இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைபடும் ஆபத்து. சார்ட்டில் இரண்டும் ஒரே நாளில் இருந்தால் ரவுண்ட்ஸ் வரை பொறுக்காமல் உடனே சொல்ல வேண்டும். பீட்டா பிளாக்கர் என்றால் எல்லாம் ஒன்றல்ல; ஆயுளை நீட்டும் சான்று உள்ளவற்றில் மாணவர் அதிகம் பார்க்கப்போவது பைசோப்ரோலால் (1.25 மி.கி.யில் தொடங்கி 10 மி.கி. வரை), கார்வெடிலால் (3.125 மி.கி. இரு வேளையில் தொடங்கி 25 மி.கி. இரு வேளை, 85 கிலோவுக்கு மேல் 50), மெட்டோப்ரோலால் சக்சினேட் (200 மி.கி. வரை). சார்ட்டில் மெட்டோப்ரோலாலின் இன்னொரு உப்பான டார்ட்ரேட் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குவதுதான் வழக்கமான வேகம். நீர் கோத்திருக்கும்போது புதிதாகத் தொடங்கக் கூடாது, ஏற்கெனவே சாப்பிட்டுவருபவருக்குத் திடீரென நிறுத்தவும் கூடாது. ஏ.சி.இ. தடுப்பான் தொடங்கியபின் கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்க்கப்படுவதே. அதைப் பார்த்துப் பதறி மருந்தை நிறுத்தச் சொல்லும் மாணவரிடம், கூடவே வலி மாத்திரை இருக்கிறதா, நீர் அதிகம் வடிந்துவிட்டதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். டாபாக்ளிஃப்ளோசின் சாப்பிடுபவருக்கு அறுவை சிகிச்சை என்றால் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து இருப்பதால் இது எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடும்.

ஒரு பயிற்சி நோயாளி

மூன்றாம் வாரத்தில் இந்தக் கேஸைக் கொடுத்து, ஒரு மணி நேரம் தனியாக விட்டுவிடுங்கள். 72 வயதுப் பெண், எடை 54 கிலோ, கிரியாட்டினின் 1.4, பொட்டாசியம் 5.1, பிரஷர் 104/66. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு), எஜக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 32 சதவீதம். எனலாப்ரில் 5 மி.கி. இரு வேளை, ஃப்யூரோஸமைட் 40 மி.கி., மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் 25 மி.கி. இரு வேளை. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக். டாக்டர் உறைவுத் தடுப்பு மருந்தான அபிக்ஸபானும் ஸ்பைரனோலாக்டோனும் தொடங்க நினைக்கிறார்.

சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று சொல்லும் கிரியாட்டினின் கிளியரன்ஸை காக்கிராஃப்ட்–கால்ட் முறையில் போட வேண்டும்: 140 கழித்தல் வயது, அதை எடையால் பெருக்கி, 72 என்ற மாறா எண்ணையும் (இவரது வயது அல்ல) கிரியாட்டினினையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 31 மி.லி. லாப் ரிப்போர்ட்டில் அச்சாகி வரும் ஜி.எஃப்.ஆர். எனும் சிறுநீரக வடிகட்டல் எண்ணை இங்கே பயன்படுத்தக் கூடாது. உறைவுத் தடுப்பு மருந்துகளின் ஆய்வுகள் காக்கிராஃப்ட்–கால்ட் கணக்கில்தான் நடந்தன. மெலிந்த முதியவர்களிடம் இரண்டு எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் வரும். கிரியாட்டினின் மைக்ரோமோலில் வந்திருந்தால் முதலில் 88.4ஆல் வகுக்க வேண்டும்.

31 என்றதும் பெரும்பாலான மாணவர்கள் அபிக்ஸபானை 2.5 மி.கி.க்குக் குறைப்பார்கள். அது தவறு. குறைப்பதற்கு மூன்றில் இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல். இவருக்குப் பொருந்துவது எடை ஒன்றுதான். எனவே 5 மி.கி. இரு வேளை. இதே நோயாளிக்கு ரிவரோக்ஸபான் என்றால் கிளியரன்ஸ் 50க்குக் கீழே இருப்பதால் 20க்குப் பதில் 15 மி.கி., அதையும் உணவோடுதான். வெறும் வயிற்றில் முழுதாக உறிஞ்சப்படாது. ஒரு மருந்தின் விதியை இன்னொன்றுக்குப் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. காரணமில்லாமல் அளவைக் குறைப்பதைப் பாதுகாப்பு என்று மாணவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் அது பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவைப்பது.

ஸ்பைரனோலாக்டோன்? பொட்டாசியம் 5.0க்கு மேல், இன்று தொடங்கக் கூடாது. ஆனால் "வேண்டாம்" என்று முடித்துவிட்டால் பதில் பாதிதான். டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்து, சில நாளில் பொட்டாசியத்தை மறுபடி பார்த்து, 5.0க்குக் கீழே இறங்கினால் 12.5 மி.கி.யில் தொடங்கலாம் என்பது முழுப் பதில். ஏ.சி.இ. தடுப்பான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை முடக்கும் கூட்டணி என்பதையும், அபிக்ஸபானோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் ரத்தக்கசிவு என்பதையும், மெட்டோப்ரோலாலின் உப்பையும் கண்டுபிடித்தால் நல்ல மாணவர். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லாமல் வரிசைப்படுத்தினால் இன்னும் நல்ல மாணவர்.

வார்ஃபாரின்

செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கு இன்றும் இந்த உறைவுத் தடுப்பு மருந்துதான். இலக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் 2 முதல் 3. உலோக மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5. இன்றைய ஐ.என்.ஆர். இரண்டு மூன்று நாளுக்கு முந்தைய மாத்திரையின் விளைவு என்பது மாணவருக்குப் புரிய நாளாகும். 1.7 என்று வந்ததும் இரட்டிப்பாக்கச் சொல்வார். முதலில் விடுபட்ட வேளை உண்டா என்று கேட்கட்டும். இல்லையென்றால் வார மொத்தத்தில் 5 முதல் 15 சதவீதம் கூட்டலாம். தினம் 5 மி.கி. என்றால் வாரம் 35. ஒரு நாள் மட்டும் 7.5 ஆக்கினால் 37.5, அதாவது 7 சதவீத உயர்வு. அமியோடரோன் சேர்ந்தால் வார்ஃபாரின் தேவை 30 முதல் 50 சதவீதம் வரை குறையும், அதுவும் வாரக்கணக்கில் மெதுவாக. கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல், ஃப்ளுகோனசோல் சேர்ந்தால் சில நாளிலேயே ஐ.என்.ஆர். ஏறும். ரிஃபாம்பிசின் எதிர்த்திசையில் இழுக்கும், அதை நிறுத்தும்போதுதான் பெரிய ஆபத்து.

ஸ்டென்ட் வைத்தவர்களும் துடிப்புக் கோளாறும்

ஸ்டென்ட் நோயாளியிடம் பார்க்க வேண்டியவை சில. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் டிக்காக்ரெலாரோடு ஆஸ்பிரின் தினம் 100 மி.கி.யைத் தாண்டக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்குப் பிராசுக்ரெல் கூடவே கூடாது. க்ளோபிடோக்ரெலோடு ஒமிப்ரசோலுக்குப் பதில் பான்டோப்ரசோல். டிக்காக்ரெலாரால் சிலருக்கு மூச்சு வாங்கும். அது வரலாம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி தானாகவே நிறுத்திவிடுவார். ஸ்டென்ட் வைத்த முதல் வாரங்களில் அப்படி நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். அட்டோர்வாஸ்டாடின் 40 முதல் 80 மி.கி. தொடங்கியபின் கொழுப்புப் பரிசோதனை 4 முதல் 8 வாரத்தில் என்று தேதி போட வேண்டும்.

டிஜாக்ஸின் அளவுக்கு ரத்தம் எடுப்பது கடைசி வேளைக்குப் பிறகு குறைந்தது 6 மணி நேரம் கழித்து. முன்பே எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். இதயச் செயலிழப்பில் இலக்கு மி.லி.க்கு 0.5 முதல் 0.9 நானோகிராம். அமியோடரோன் சேர்ந்தால் டிஜாக்ஸினைப் பாதியாக்க வேண்டும். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி.சி. (துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூ.டி. இடைவெளி) 500 மில்லி விநாடியைத் தாண்டினால், அதை நீட்டக்கூடிய அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், ஒன்டான்செட்ரான், ஹாலோபெரிடால் ஆகியவற்றைச் சார்ட்டில் தேடச் சொல்லுங்கள். பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வேகமான துடிப்பில் பாஸெட் சூத்திரம் க்யூ.டி.சி.யை மிகைப்படுத்தும் என்பதால் மெஷின் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

டாக்டரிடம் சொல்வது

30 விநாடி. யார், என்ன பிரச்சினை, எந்த எண், என்ன பரிந்துரை, எப்போது மறுபடி பார்ப்பது. "சார், 12ஆம் படுக்கை அம்மாவுக்குப் பொட்டாசியம் 5.1. வீட்டில் டைக்ளோஃபெனாக் சாப்பிட்டிருக்காங்க. அதை நிறுத்திட்டு மூணு நாள் கழிச்சு பொட்டாசியம் பார்த்து, அப்புறம் ஸ்பைரனோலாக்டோன் தொடங்கலாமா?" இதில் புத்தகப் பாடம் ஒன்றும் இல்லை, முடிவெடுக்கத் தேவையானது எல்லாம் இருக்கிறது. பரிந்துரை மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மறுக்கப்பட்ட பரிந்துரைகளின் காரணங்களை வாரக் கடைசியில் உட்கார்ந்து பேசுவதுதான் இந்தப் பயிற்சியிலேயே சிறந்த வகுப்பு.

நோயாளிக்குச் சொல்லித் தருவது

சொல்லி முடித்தபின் "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது. "அம்மா, வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். தவறாகச் சொன்னால் அது நம் விளக்கத்தின் குறை. வேறு விதமாகச் சொல்லித் தர வேண்டும்.

எடை பார்ப்பது தினமும் காலை, சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே தராசில். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் மருத்துவமனைக்குத் தகவல். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினை உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும்; நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுவார்கள். ஒரு மாத்திரை வைத்து 5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கண்ணாடிப் புட்டியிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றினால் மருந்து வீரியம் இழக்கும். சில்டனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள், டாடலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள் நைட்ரேட் கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்க மாணவர் கூச்சப்படுவார். திரையை இழுத்துவிட்டு, குடும்பத்தார் இல்லாதபோது, மற்ற மருந்துகளைக் கேட்கும் அதே குரலில் கேட்கப் பழக்குங்கள்.

மதிப்பெண்ணும் கடைசி நாளும்

எத்தனை பரிந்துரை கொடுத்தார் என்று எண்ணாதீர்கள். எண்ணத் தொடங்கினால் வைட்டமின் மாத்திரையைப் பற்றிக்கூடப் பரிந்துரை வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம் வையுங்கள்: பிரச்சினை, பரிந்துரை, ஏற்கப்பட்டதா, பிறகு நோயாளிக்கு என்ன ஆனது. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் மதிப்பெண் இல்லை. மூன்றாம் வாரக் கடைசியில் ஒருமுறை மதிப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். ஆறாம் வாரத்தில் சொன்னால் திருத்திக்கொள்ள நாள் இல்லை.

கடைசி நாள் மாணவர் தன் நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். வரவேண்டிய ரிப்போர்ட்டுகள், பாதியில் நிற்கும் அளவு உயர்வுகள், வீட்டுக்குப் போனவர்களில் 7ஆம் நாள் பொட்டாசியம் பார்க்க வேண்டியவர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே தேதி. பயிற்றுநர் அந்தத் தாளைப் படித்துக் கையெழுத்திடும் முன் தேதி இல்லாத வரி ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.